முடியாத கை, முழுப் பந்தயம்: பாட்-லிமிட் ஒமாஹாவில் டிரா ஆட்டம்

2009 நவம்பர் 21 அன்று ஃபுல் டில்ட் போக்கர் தளத்தில் ஃபின்லாந்தின் பாட்ரிக் அன்டோனியஸும், ‘இசில்டுர்1’ என்ற பெயரில் ஆடிவந்த ஸ்வீடன் இளைஞர் விக்டர் புளோமும் பாட்-லிமிட் ஒமாஹா ஆடிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளாப்பில், அதாவது முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில், 4, 5, 2 விழுந்தன. அன்டோனியஸின் கையில் ஏஸும் 3-ம் இருந்ததால் அவருக்கு ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து எண்கள்) அப்போதே முடிந்துவிட்டது. புளோமின் கையில் இருந்தவை 9, 8, 7, 6. ஒரு ஜோடிகூட இல்லை. ஆனாலும் இருவரின் பணமும் ஃப்ளாப்பிலேயே முழுவதுமாக நடுவுக்கு வந்துவிட்டது. 13 லட்சத்து 56 ஆயிரம் டாலரைத் தாண்டிய அந்தத் தொகை, இணையப் போக்கர் வரலாற்றின் மிகப் பெரிய பாட் என்று பதிவானது. அடுத்த இரண்டு சீட்டுகளும் புளோமுக்கு உதவவில்லை. அன்டோனியஸ் வென்றார்.

புளோம் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார் என்று சொல்ல முடியாது. 3, 6, 7, 8 ஆகியவற்றில் எது வந்தாலும் அவருக்கு எதிராளியுடையதைவிடப் பெரிய ஸ்ட்ரெய்ட் கிடைத்திருக்கும். எதிராளியிடம் இருந்த ஒரு 3-ஐக் கழித்தாலும் 12 சீட்டுகள் மிச்சம். வர வேண்டியிருந்தவை இரண்டு சீட்டுகள். இரு கைகளையும் திறந்துவைத்துக் கணக்கிட்டால் அவருடைய வாய்ப்பு பாதிக்குச் சற்றே குறைவுதான். முடிந்த கைக்கு எதிராக, முடியாத கை ஏறக்குறையச் சமபலத்தோடு நின்றது. இது ஒமாஹாவில் அன்றாடம் நடப்பது. வலிமையான டிரா, அதாவது இன்னும் முடியாத ஆனால் வேண்டிய சீட்டு வந்தால் முடியும் கை, இருக்கும்போது பந்தயம் கட்டுவதா, எதிராளியின் பந்தயத்துக்குப் பணம் கொடுத்து நகர்வதா, முழுப் பாட்டையும் போட்டு முடித்துவிடுவதா என்ற கேள்வியே இந்த ஆட்டத்தின் மையக் கேள்வி. அதற்கு இதுவரை சொல்லப்பட்டுள்ள பதில்களை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் அமைப்பு

ராபர்ட் டர்னர் என்ற ஆட்டக்காரர் 1980களின் தொடக்கத்தில் இந்த ஆட்டத்தை லாஸ் வேகாஸின் கோல்டன் நக்கெட் காசினோவில் போக்கர் அறையை நடத்திவந்த பில் பாய்டிடம் கொண்டுசென்றார். அங்கே அது முதலில் ‘நக்கெட் ஹோல்டெம்’ என்ற பெயரில் ஆடப்பட்டது. ஹோல்டெமில் கைக்கு இரண்டு சீட்டு, ஒமாஹாவில் நான்கு. ஐந்து பொதுச் சீட்டுகளில் (முதல் மூன்று ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர்) சரியாக மூன்றையும் கைச்சீட்டில் சரியாக இரண்டையும் சேர்த்துத்தான் கை அமைக்க வேண்டும்.

நான்கு சீட்டுகளிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் ஆறு ஜோடிகள் கிடைக்கும். எனவே ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் ஆறு ஹோல்டெம் கைகளைப் பிடித்திருப்பதற்குச் சமம். ஹோல்டெமில் தொடக்கக் கைகள் 1,326; ஒமாஹாவில் 2,70,725. மேசையில் எந்தச் சீட்டு விழுந்தாலும் அது யாரோ ஒருவரின் கையோடு ஒட்டிக்கொள்ளும். ஹோல்டெமில் ஒரு ஸ்ட்ரெய்ட் டிராவுக்கு அதிகபட்சம் 8 அவுட் (கையை முடித்துத் தரும் சீட்டு) என்பது வழக்கமான கணக்கு. ஒமாஹாவில் பொதுச் சீட்டுகளை மூன்று, நான்கு கைச்சீட்டுகள் சுற்றி வளைத்துக்கொள்ளும் ‘ராப்’ அமைந்தால் 13, 17, 20 அவுட்கூடக் கிடைக்கும்.

அடுத்தது பந்தய வரம்பு. ஒருவர் ஒரே நேரத்தில் பாட்டின் அளவுக்கு மேல் உயர்த்த முடியாது. பாட்டில் 100 இருந்து எதிராளி 100 கட்டினால், அந்த 100-ஐ ஈடுகட்டியதும் பாட் 300 ஆகும். அதற்கு மேல் 300 உயர்த்தலாம். ஆக மொத்தம் 400. பாட் அளவுப் பந்தயம் ஒன்று கட்டப்பட்டு, அது ஏற்கப்பட்டால் பாட் மூன்று மடங்காகும்: 100, 300, 900, 2,700. ஆகவே கையிருப்பு பாட்டுக்குச் சமம் என்றால் ஒரே பந்தயத்தில் பணம் முழுவதும் உள்ளே போய்விடும். நான்கு மடங்கு என்றால் இரண்டு பந்தயங்கள், அல்லது ஒரு பந்தயமும் ஒரு ரெய்ஸும் வேண்டும். 13 மடங்கு என்றால், ரெய்ஸ் எதுவும் இல்லாதபோது, ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் முழுப் பாட் கட்டினால்தான் முடியும். 1, 4, 13 என்ற இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. டிராவை எப்படி ஆடுவது என்ற வாதம் முழுவதும் இவற்றைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஒரே ஃப்ளாப், மூன்று கைகள்

ஃப்ளாப்பில் 9, 8, 2 விழுந்திருக்கிறது. மூன்றும் வெவ்வேறு சின்னம். இந்த ஒரே ஃப்ளாப்பில் மூன்று கைகளை வைத்துப் பார்க்கலாம்.

முதல் கை: ஜாக், 10, 7, 6. குயின் நான்கு, ஜாக் மூன்று, பத்து மூன்று, ஏழு மூன்று, ஆறு மூன்று, ஐந்து நான்கு. எது வந்தாலும் ஸ்ட்ரெய்ட். மொத்தம் 20 அவுட். கண்ணுக்குத் தெரியாத 45 சீட்டுகளிலிருந்து இரண்டு வரும்போது அவற்றில் ஒன்றாவது விழ 69.7 சதவீத வாய்ப்பு. ஆனால் ஜாக் வந்தால் குயின்-10 வைத்திருப்பவர் மேலே போய்விடுவார். பத்து வந்தால் குயின்-ஜாக் வைத்திருப்பவர். அந்த ஆறையும் நீக்கினால், நட்ஸ் (அந்த நேரத்தில் சாத்தியமான மிகச் சிறந்த கை) தரும் அவுட் 14.

இரண்டாவது கை: குயின், ஜாக், 10, அவற்றோடு சேராத ஒரு சீட்டு. குயின், ஜாக், பத்து மும்மூன்று, ஏழு நான்கு என 13 அவுட். இரண்டு சீட்டுகளில் ஒன்றாவது விழ ஏறக்குறைய 50 சதவீதம். எண்ணிக்கை குறைவு. ஆனால் 13-ல் எது வந்தாலும் அந்தக் கணத்தில் நட்ஸ் இவருடையதுதான்.

மூன்றாவது கை: 7, 6, 5, கூட ஒரு வேண்டாத சீட்டு. இதற்கும் 13 அவுட், இதற்கும் 50 சதவீதம். ஆனால் பத்து, ஏழு, ஆறு எது வந்தாலும் இவருடையதைவிட உயர்ந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு இடமுண்டு. ஐந்து வந்தால் மட்டுமே நட்ஸ். 13-ல் நட்ஸ் அவுட் வெறும் மூன்று.

இரண்டாவது கையும் மூன்றாவது கையும் நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும்? பத்து வந்தாலும் ஏழு வந்தாலும் இருவருக்கும் ஸ்ட்ரெய்ட் கிடைக்கும், பணம் பெரிய ஸ்ட்ரெய்ட்டுக்குப் போகும். மூன்றாவது கைக்கு ஸ்ட்ரெய்ட்டால் வெல்லும் அவுட்களாக மிஞ்சுவது ஆறு மூன்றும் ஐந்து மூன்றும்தான். 13 என்று எண்ணியிருந்தது 6 ஆகிவிடுகிறது. அதிலும் மோசமானது, ஏழு விழுந்த பிறகு தன் ஸ்ட்ரெய்ட்டை நம்பி அவர் மேலும் பணம் போடுவது.

ஃப்ளாப்பில் ஒரே சின்னம் இரண்டு இருந்தால் கணக்கு மறுபடி மாறும். 9-ம் 2-ம் ஸ்பேட் என்று வைத்துக்கொள்வோம். குயின்-ஜாக்-10 ராப் வைத்திருப்பவரிடம் ஸ்பேட் எதுவும் இல்லையென்றால், 13 அவுட்டில் நான்கு ஸ்பேட் சீட்டுகள் எதிராளிக்கு ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) தரக்கூடியவை. சுத்தமான அவுட் 9. அதே ராப்போடு ஸ்பேட் ஏஸும் ஸ்பேட் பத்தும் அவரிடமே இருந்தால் அவுட் 19 ஆக உயரும், ஃப்ளஷ் அடித்தால் அது நட் ஃப்ளஷ். சீட்டின் எண் மாறவில்லை, சின்னம் மட்டுமே மாறியது. கையின் மதிப்போ இரு மடங்கானது.

எண்ணிக்கை கையைக் கவர்ச்சியாகக் காட்டும்; பணத்தைக் காப்பது அவுட்களின் தரம். அடுத்து வரும் மூன்று பார்வைகளையும் எடைபோட இதுவே தராசு.

முதல் பார்வை: அடித்து ஆடு

டேவிட் ஸ்க்லான்ஸ்கி தம் ‘தியரி ஆஃப் போக்கர்’ நூலில் செமி-பிளஃப் என்ற கருத்தை விரிவாக விளக்கினார். இப்போதைக்குச் சிறந்த கையாக இல்லாவிட்டாலும், பின்னால் சிறந்த கையாக மாறக்கூடிய ஒன்றைக் கொண்டு பந்தயம் கட்டுவது அது. எதிராளி விலகினால் உடனே வெற்றி; ஏற்றாலும் கை அடிக்க வாய்ப்புண்டு. இந்த இரட்டை வழி ஒமாஹாவில்தான் முழு வலிமை பெறுகிறது. ஏனெனில் ஏற்கப்பட்டாலும் டிராவின் பங்கு 40, 50 சதவீதமாக நிற்கிறது.

கணக்கைப் பார்ப்போம். பாட்டில் 100, கையிருப்பும் 100. அத்தனையையும் கட்டுகிறோம். எதிராளி ஏற்றால் நம் வெற்றி வாய்ப்பு மூன்றில் ஒன்று என்றால்கூட, 300-ல் நம் பங்கு 100. போட்ட பணம் திரும்பிவிட்டது. அவர் விலகும் ஒவ்வொரு முறையும் கிடைப்பது சுத்த லாபம். எனவே கையிருப்பு பாட் அளவுக்கு இருக்கும்போது, நல்ல டிராவோடு பந்தயம் கட்டத் தயங்குவதற்குக் காரணமே இல்லை.

கையிருப்பு நான்கு மடங்கு என்றால்? பாட்டில் 100, எதிராளி 100 கட்டுகிறார், நாம் 400-க்கு உயர்த்தி ஆல்-இன் ஆகிறோம். ஏற்கப்பட்டால் பாட் 900. அதே 9, 8, 2 ஃப்ளாப்பில் எதிரில் 9-9 செட் (கையில் உள்ள ஜோடியோடு மேசையில் அதே எண் ஒன்று), நம்மிடம் குயின்-ஜாக்-10 ராப் என்றால், சின்னங்களைக் கணக்கில் சேர்க்காமல், நம் பங்கு சுமார் 41 சதவீதம். 900-ல் அது 369. சராசரியாக 31 நஷ்டம். விலகினால் 200 கிடைக்கும் என்பதால், எதிராளி நூற்றுக்குப் பதினான்கு முறை விலகினாலே இந்த நஷ்டம் ஈடாகிவிடும். ஜாக்-10-7-6 என்ற 20 அவுட் ராப்போ செட்டுக்கு எதிராகவே சுமார் 54 சதவீதம் வெல்லும். அங்கே எதிராளி விலக வேண்டிய தேவைகூட இல்லை. செட் வைத்திருப்பவர்தான் பின்தங்கியவர்.

ஃப்ளாப்பிலேயே பணத்தை உள்ளே தள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிராவின் மதிப்பு டர்னில் சட்டென்று சரியும். டர்னில் உதவாத சீட்டு விழுந்தால் மிஞ்சும் 44 சீட்டுகளில் 13 அவுட்டின் வாய்ப்பு 29.5 சதவீதம், 20 அவுட்டின் வாய்ப்பு 45.5 சதவீதம். ஃப்ளாப்பிலேயே ஆல்-இன் ஆகிவிட்டால் இரண்டு சீட்டுகளையும் பார்த்துவிடலாம். டர்னில் எவரும் நம்மை விலக்க முடியாது. ரோல்ஃப் ஸ்லாட்பூம் 2006-ல் வெளியிட்ட பாட்-லிமிட் ஒமாஹா நூலில் குறைந்த கையிருப்போடு உட்கார்ந்து ஆடும் முறைக்குப் பெரிய இடம் கொடுத்ததற்கு இந்தக் கணக்கும் துணை நிற்கிறது.

இரண்டாம் பார்வை: ஆழத்தையும் இடத்தையும் பார்

ஜெஃப் ஹ்வாங் 2008-ல் ஒரு நூல் எழுதினார். பெரிய பாட்களை நட் டிராக்களோடும், அடித்த பிறகும் மேலே போக வழியுள்ள கைகளோடும் ஆட வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்தப் பார்வை முதல் பார்வையை மறுக்கவில்லை. அதற்கு எல்லை போடுகிறது.

கையிருப்பு பாட்டைப் போல 13 மடங்கோ அதற்கு மேலோ இருக்கும்போது, ஃப்ளாப்பில் பெரிய ரெய்ஸை ஏற்று, டர்னிலும் ரிவரிலும் பணம் போடத் தயாராக இருக்கும் எதிராளியிடம் என்ன இருக்கும்? பெரும்பாலும் மேல் செட், அல்லது நம்முடையதைவிட நல்ல டிரா. செட்டுக்கு எதிராக நம் ஸ்ட்ரெய்ட் சிறியதா பெரியதா என்பது பொருட்டல்ல. 7-6-5 ராப்பும் கிட்டத்தட்ட குயின்-ஜாக்-10 ராப்பைப் போலவே வெல்லும். பெரிய டிராவுக்கு எதிராகத்தான் அது நசுங்கும். கையிருப்பு குறைவாக இருந்தால் எதிராளி இரண்டு ஜோடி, நடுத்தரச் செட் என்று பலவகைக் கைகளோடு பணம் போடுவார். நட்ஸ் அல்லாத அவுட்களும் அங்கே பயன்படும். ஆழம், அதாவது பாட்டோடு ஒப்பிட்ட கையிருப்பு, கூடக் கூட எதிராளியின் கைகள் சுருங்கி நட்ஸை நெருங்கும், அந்த அவுட்களின் மதிப்பும் கரையும். ஒரே கை ஓரிடத்தில் ரெய்ஸ் ஆகவும் இன்னோரிடத்தில் ஃபோல்ட் ஆகவும் மாறுவதன் காரணம் இதுவே.

அடுத்தது இடம். கடைசியில் பேசுபவர் டர்னில் எதிராளி செக் செய்தால் இலவசமாக ரிவரைப் பார்க்கலாம். கை அடித்தால் எதிராளியின் அசைவைப் பார்த்த பிறகு எவ்வளவு கட்டுவது என்று தீர்மானிக்கலாம். முதலில் பேசுபவருக்கு இரண்டும் இல்லை. அவர் டர்னில் செக் செய்தால் முழுப் பாட் பந்தயம் வரும். அதை ஏற்க 33.3 சதவீத வாய்ப்பு வேண்டும். 13 அவுட்டுக்கு 29.5 தான் இருக்கிறது. 100 பாட்டில் 100 பந்தயத்தை ஏற்று முதலுக்கு மோசமில்லாமல் வர, ரிவரில் அடித்த பிறகு சராசரியாக இன்னும் 39 எதிராளியிடமிருந்து வாங்க வேண்டும். ஸ்ட்ரெய்ட் முடிந்தது மேசையில் பளிச்சென்று தெரியும்போது கவனமான எதிராளி அதைக் கொடுக்கமாட்டார்.

பலர் கலந்துகொண்ட பாட்டிலும் இந்தப் பார்வையின் எச்சரிக்கை பொருந்தும். நான்கு பேர் ஃப்ளாப்பைப் பார்த்தால் மேசையைச் சுற்றி 16 கைச்சீட்டுகள் உள்ளன. நம் அவுட்களில் சில ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கும். எல்லாரும் விலகுவார்கள் என்ற நம்பிக்கையும் தேயும். ஆனால் நட் டிராவுக்கு அதுவே வரம்: மூவர் பணம் போடும் பாட்டில் 40 சதவீத வாய்ப்பு இருந்தால், நாம் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சராசரியாக 1 ரூபாய் 20 காசு திரும்புகிறது. ஆகவே கூட்டமான பாட்டில் நட் டிராவைத் தாராளமாக ஆடலாம். நட்ஸ் அல்லாததை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

மூன்றாம் பார்வை: கணினி சொல்வது

2010களின் பிற்பாதியில் மாங்கர்சால்வர் போன்ற மென்பொருள்கள் ஒமாஹாவின் பரந்த கைக்கணக்கையும் தீர்க்கத் தொடங்கின. அவை முன்னோர் சொன்னதைத் தலைகீழாக்கவில்லை. ஆனால் மூன்று இடங்களில் அதைச் செம்மைப்படுத்தின.

முதலாவது, கலந்து ஆடுதல். ஒரே டிராவோடு சில முறை ரெய்ஸ், சில முறை கால், சில முறை செக் என்று தீர்வு சொல்கிறது. எப்போதும் டிராவோடு மட்டுமே ரெய்ஸ் செய்பவரை, டர்னில் உதவாத சீட்டு விழுந்தவுடன் எதிராளி முழுப் பாட் போட்டு அழுத்திவிடுவார். செட்டோடும் ரெய்ஸ், ராப்போடும் ரெய்ஸ் என்று இரண்டும் கலந்திருந்தால் எதிராளியால் அப்படிச் செய்ய முடியாது.

இரண்டாவது, பந்தயத்தின் அளவு. முழுப் பாட் என்பது உச்சவரம்பு மட்டுமே. பாதிப் பாட் கட்டினால் எதிராளிக்குத் தேவையான வாய்ப்பு 25 சதவீதமாகக் குறையும். ஆனால் நாமும் ஆழமான நிலையில் குறைந்த செலவில் பாட்டை வளர்க்கிறோம். எதிராளி உயர்த்தினாலும் டிராவைக் கைவிட வேண்டிய கட்டாயம் வராது.

மூன்றாவது, பிளாக்கர்: எதிராளிக்கு வேண்டிய சீட்டை நாமே வைத்திருப்பது. அடிக்காமல் போன டிராவும் ரிவரில் வேலை செய்யும். மேசையில் மூன்று ஸ்பேட் விழுந்திருக்கும்போது ஸ்பேட் ஏஸை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு ஃப்ளஷ் இல்லை. ஆனால் எதிராளியிடம் நட் ஃப்ளஷ் இருக்க முடியாது என்பது அவருக்கு உறுதியாகத் தெரியும். பந்தயம் கட்டிப் பயமுறுத்த அதைவிடத் தகுந்த கை அரிது.

கணினியின் தீர்வுக்கும் ஒரு வரையறை உண்டு. எதிராளியும் பிழையின்றி ஆடுவார் என்று வைத்துக்கொண்டுதான் அது பேசுகிறது. எதிரில் இருப்பவர் செட்டை ஒருபோதும் விடாதவர் என்றால், விலகும் வாய்ப்பை நம்பிய ரெய்ஸ் அங்கே பயன்படாது. நட் அவுட்களின் பலத்தை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும்.

தீர்ப்பு

மூன்று பார்வைகளும் ஒன்றுக்கொன்று எதிரி போலத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் தனக்குரிய ஆழத்தில் சரியாக இருக்கிறது. கையிருப்பு பாட்டைப் போல நான்கு மடங்குக்குள் இருந்தால் முதல் பார்வையே வழி: 13 அவுட்டுக்கு மேலான டிராவை அடித்து ஆடி, ஃப்ளாப்பிலேயே முடித்துவிட வேண்டும். 13 மடங்கை நெருங்கினால் இரண்டாம் பார்வை மேலோங்கும்: நட் அவுட்கள் நிறைந்த டிராவை மட்டும், முடிந்தவரை கடைசியில் பேசும் இடத்திலிருந்து, பெரிய பாட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நடுவில் உள்ள பரப்பில் கணினி கற்றுத்தந்த கலப்பும் அளவுக் கட்டுப்பாடும் உதவும்.

ஆட்டக்காரர்களிடையே ஆழமாக வேரூன்றிய பழக்கம் ஒன்றைக் கைவிட வேண்டும். ராப்பைப் பார்த்தவுடன் “இருபது அவுட்” என்று எண்ணிவிட்டுப் பாட் என்று அறிவிப்பதே அது. முதலில் நட் அவுட்களைத் தனியே எண்ண வேண்டும்; அடுத்து, மேசையில் இரண்டு விழுந்த சின்னத்தின் சீட்டுகளைக் கழிக்க வேண்டும்; அதன் பிறகு கையிருப்பைப் பாட்டால் வகுக்க வேண்டும். மூன்றுக்கும் சேர்த்துச் சில நொடிகள் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 54 சதவீத வாய்ப்போடு பணம் போடுபவர் நூற்றுக்கு 46 முறை தோற்பார். தொடர்ந்து பல முறையும் தோற்பார். சரியாக ஆடியும் பணம் போகும் ஆட்டம் இது. ஆகவே இழக்கக்கூடாத பணத்தை இதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்திருக்கிறது என்பதையும் தமிழ்நாட்டு வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பணம் வைக்காமலே இந்தக் கணக்கைப் பழகலாம். ஒரு சீட்டுக்கட்டை எடுத்து 9, 8, 2-ஐ மேசையில் வைத்து, மேலே சொன்ன மூன்று கைகளையும் மாறி மாறிப் பிடித்து, ஒவ்வொரு அவுட்டுக்கும் நட்ஸ் யாருடையது என்று எழுதிப் பாருங்கள். டிராவை எப்போது அடித்து ஆடுவது, எப்போது விடுவது என்பதற்கான பதிலில் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே இருக்கும்.